பழைய அளவு

இந்த அறையில் காற்று நன்றாக வருகிறது. எங்கள் இல்லத்தில் ஜன்னல்களை ஒரு கை நுழைகிற அளவுக்கு மேல் திறக்க முடியாதபடி ஆணி அடித்து வைத்திருக்கிறோம். முழுசாகத் திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தே ரொம்ப நாளாகிவிட்டது. கேளுங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. நடுவில் மட்டும் குறுக்கிடாதீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் இல்லத்தின் விதி. பேசுகிறவன் புளுகினாலும் முடிக்க விடுவோம். புளுகைப் பாதியில் மடக்கினால் அது வேறு சந்தில் புகுந்து ஓடிவிடும்.

போதைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற இல்லம் அது. நான் டாக்டர் இல்லை. டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், எழுதிக் கொடுப்பார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிடுவார். மற்றபடி அத்தனை பேரையும் கட்டி மேய்ப்பது நான். மாத்திரை கொடுப்பேன். கொடுத்ததை விழுங்கினானா, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். வாந்தி துடைப்பேன். வீட்டாருக்குப் புத்தி சொல்வேன். தலை நரைத்த பெரியவர்கள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது.

இந்த வேலையில் அடையாளம் காண்பதுதான் பாதி வைத்தியம். எனக்கு அது கைவந்த கலை என்று ஊரே சொல்லும். வெயில் கொளுத்தும்போது முழுக்கைச் சட்டை போட்டு வருகிறவன், குளியலறைக்குப் போனால் தண்ணீர் சத்தமே கேட்காதவன், கேட்காமலே கதை கதையாக விளக்கம் சொல்கிறவன், இவர்களையெல்லாம் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். கஷ்டமானது எது தெரியுமா? நன்றாக இருக்கிறவன். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறவன். அவனைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டாருக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லா இருக்கேன்னு அவன் சொல்ற அன்னைக்குத்தான் நீங்க பயப்படணும்."

என் வாக்குமூலத்தை எழுதுகிற உங்கள் ஸ்டேஷன் எழுத்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து பார்க்கிறேன். மூக்கை உறிஞ்சுகிறார், ஓயாமல் கொட்டாவி விடுகிறார், பேனா பிடித்த கையை மேஜைக்கு அடியில் தேய்த்துக்கொள்கிறார், பத்து வரி எழுதினால் எழுந்து வெளியே போகிறார். கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை, ராத்திரி தூக்கமில்லை, கூடவே ஜலதோஷம் என்று சொன்னீர்கள். உங்களிடம் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். சரி, அது உங்கள் பாடு. நான் என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி வளர்ந்து, கதவு நிலையில் தலை இடிக்க ஆரம்பித்த பிறகும் எனக்குச் சின்னவன்தான். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் அந்தக் கூண்டின் மேல் ஏறி நின்று, இருட்டுக் கிணறு மாதிரியான அந்தக் குழிக்குள் கம்பிகளுக்கு எண்ணெய் போடுகிற வேலை. ஒருமுறை கூண்டு குலுங்கி முதுகில் அடிபட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. இதற்கு மேல் அதில் கதை ஒன்றும் கிடையாது, எல்லாருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அப்போது எங்கள் அம்மா படுக்கையில் இருந்தாள். எலும்பில் புற்று. அவளுக்கும் அதே வகை மாத்திரைதான். திடீரென்று அந்த மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். "இன்னொண்ணு குடுடா, இது ஒண்ணும் கேக்கலடா" என்று அவனிடம்தான் கெஞ்சுவாள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அவன்தானே. ஒருநாள் நான் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தேன். இனித்தது. வலி மாத்திரை எந்த ஊரிலும் இனிக்காது. பெற்றவளின் மாத்திரையை எடுத்துத் தான் விழுங்கிவிட்டு, அதே நிறத்தில் ஏதோ சத்து மாத்திரையைப் போட்டு வைத்திருந்தான்.

அம்மா போனபிறகு அவனை இல்லத்துக்குக் கூட்டி வந்தேன். மாடியில் என் அறைக்குப் பக்கத்து அறையில் போட்டுப் பூட்டினேன். வியர்த்தான், நடுங்கினான், வாந்தி எடுத்தான், சுவரை உதைத்தான், வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லி என்னைத் திட்டினான். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வேளை தவறாமல் கொடுத்தேன். மீதி நேரமெல்லாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா, போயிடாதக்கா" என்று என் விரலை நெரித்துக்கொண்டு அழுவான். சாப்பாடு நான் ஊட்டினால்தான் இறங்கும். உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

எழுந்து நின்றான். வேலையும் திரும்பக் கிடைத்தது. எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வட்டமாக உட்கார வைப்போம். மீண்டு வந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். பூசி மெழுகக் கூடாது, செய்ததிலேயே கேவலமானதைச் சொல்ல வேண்டும். சின்னவன் அம்மாவின் மாத்திரைக் கதையைச் சொல்வான். சொல்லும்போது அவன் குரல் உடையும். புதிதாக வந்தவர்கள் தலை குனிந்து அழுவார்கள். வெளியூரிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர், "உங்க தம்பியைப் பார்த்தப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வாரா வாரம் சொன்னான். வருடக்கணக்கில் சொன்னான்.

பிறகு கல்யாணம் செய்துகொண்டான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். நல்ல பெண்தான், நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிற தொழில், ஆனால் கண்ணெதிரே நடப்பது தெரியாது. என்னை அண்ணி, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். இவனைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரம், அவன் என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இனிமே நான் அம்மா கதைய சொல்ல வேணாம்னு பாக்கறேன்."

"ஏன்டா?"

"வாரா வாரம் அம்மாவ சாகடிக்கிற மாதிரி இருக்குக்கா. நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை வரப்போகுது. நான் அந்த ஆளாவே எத்தன நாளைக்கு இருக்கறது?"

சரி, உன் இஷ்டம் என்றேன். ஆனால் இந்தத் தொழிலில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் ஒன்றுதான். நான் அந்த ஆள் இல்லை என்று ஒருவன் சொல்ல ஆரம்பித்தால், அந்த ஆள் உள்ளே விழித்துக்கொண்டான் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்தது. கேட்டால் ஓவர்டைம் என்றான். கம்பெனிக்கு போன் போட்டால் அன்றைக்கு அவனுக்கு லீவு. நான் வீட்டுக்குப் போனால் பால்கனியில் நின்று யாரிடமோ கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்பான், என்னைக் கண்டதும் வைத்துவிடுவான். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, பூட்டியிருந்தது. உடம்பில் சதை போட்டிருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தான். நான் சிரிப்பைக் கூடவா சந்தேகப்படுவேன் என்று நீங்கள் நினைக்கலாம். சிரிப்பைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

ஒருநாள் இல்லத்திலிருந்து சிறுநீர் பரிசோதனை டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். மேஜையில் வைத்தேன். அவன் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

"என்னக்கா, பலகாரம் கொண்டு வருவேன்னு பாத்தா டப்பா கொண்டு வந்திருக்கே."

போய் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போகச் சொன்னேன், அப்படியே செய்தான். பரிசோதித்தேன். சுத்தமாக இருந்தது. தேர்ந்தவன் எத்தனை நாள் முன்னாடி நிறுத்த வேண்டும் என்று அறிவான், இதெல்லாம் எங்களுக்குப் பழைய பாட்டு. அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை அவன் டப்பாவைத் தொடவில்லை.

"போதும்க்கா. இதோட நிறுத்திக்கலாம்."

"பயமா?"

"பயம் இல்லக்கா. அசிங்கமா இருக்கு."

மறுத்தவன் மாட்டினவன். எங்கள் கணக்கு அவ்வளவுதான். படியிறங்கும்போது அவன் மனைவி பின்னாலேயே வந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு எப்பவோ சரியாயிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் ஆகல." எனக்குக் கோபமே வரவில்லை. நோயாளி வீட்டார் முதலில் வைத்தியம் பார்ப்பவரைத்தான் திட்டுவார்கள். அதுவும் அறிகுறிதான்.

அதற்குப் பிறகு சில வாரம் அவன் என் போனை எடுக்கவில்லை. நான் எத்தனை தடவை அடித்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. இல்லத்தில் ஒரு பையன் நாக்குக்கு அடியில் மாத்திரை ஒளித்ததைக்கூடக் கவனிக்காமல் விட்டேன். சின்னவன் எங்கேயாவது ஒரு லிஃப்ட் குழிக்குள் மயங்கி விழுந்து கிடக்கிறான் என்றே மனது அடித்துக்கொண்டது. நான் அவனைப் பெறவில்லை, ஆனால் பெற்றவள் செத்தபிறகு அவனை மறுபடி பெற்றது நான்தானே.

அப்புறம் ஒரு மத்தியானம் அவனே வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. என் அறையில், கட்டிலுக்கு எதிரே இருக்கிற மர நாற்காலியில் உட்கார்ந்தான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு வந்தால் உட்கார்வானே, அதே மாதிரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

"அக்கா, திட்டாத. ஒண்ணு சொல்லணும். கம்பெனில வேற ஊருக்கு மாத்தறாங்க. நான்தான் கேட்டு வாங்கினேன். சூப்பர்வைசர் வேல. அதுக்குத்தான் இத்தன நாளா பேசிட்டிருந்தேன். உங்கிட்ட சொன்னா விடமாட்டேன்னு மறைச்சேன், அது தப்புதான்."

"அந்தப் பூட்டின பெட்டி?"

"பாப்பாக்கு வாங்கின துணி. இப்பவே வாங்கி வெச்சா நீ எதாவது சொல்லுவேன்னு அவதான் பூட்டி வெச்சா."

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும்? எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது என்று தோன்றும். எனக்கு எல்லாம் உறுதியானது. ஊரை மாற்றினால் நோய் விட்டுவிடும் என்று நினைத்து ஓடுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புது ஊர், தெரியாத ஆட்கள், கேட்பாரில்லாத வீடு. அங்கே போய் விழுவார்கள். அங்கே அவன் விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? அவன் நன்றாக இருக்கிறான் என்று நம்புகிற ஒரு பெண். கையில் ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

விழப்போகிறவன் என் பக்கத்தில் விழட்டும் என்று முடிவு செய்தேன். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இதில் ஆத்திரம் கிடையாது. சீழ் கட்டின கட்டியை, தானாக உடையும் என்று விட்டு வைக்கிறோமா? கீறித்தானே விடுகிறோம். உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிட்டால், பரிசோதனையில் வந்துவிட்டால், கம்பெனி அனுப்பாது, அவளும் நம்புவாள், அவன் மறுபடி மாடி அறைக்கு வந்துவிடுவான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் கணக்குப் போட்டது அதுதான், சாவு அந்தக் கணக்கிலேயே இல்லை.

"இரு, காபி போட்டுட்டு வரேன்" என்றேன்.

புதிதாக வருகிறவர்களிடமிருந்து பிடுங்குகிற மாத்திரைகளை மருந்து அலமாரியின் மேல்தட்டில் போட்டு வைப்போம், டாக்டர் வந்து அழிக்கிற வரைக்கும். சாவி என் கழுத்தில்தான் தொங்கும். அவன் பழைய நாளில் ஒரு வேளைக்கு எவ்வளவு எடுப்பான் என்பது எனக்கு மனப்பாடம். வட்டத்தில் உட்கார்ந்து அவனே எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். அதே அளவு எடுத்தேன். கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினேன். ஏன் குறைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் நேற்றும் கேட்டீர்கள். குறைவாகக் கொடுத்தால் அவனுக்கு உறைக்காது, ஒன்றும் வெளியே தெரியாது. பழகின உடம்பு. ரகசியமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

பாலில்லாமல், கெட்டியாக, நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கசக்குதேக்கா."

"தூள் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. பிடிக்கலேன்னா வெச்சிடு."

வைத்துவிடு என்று நான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் வைக்கவில்லை. என் மனது நோகக் கூடாது என்று மடக் மடக்கென்று குடித்தான். குடித்துக்கொண்டே பேசினான். புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறானாம். பிரசவத்துக்கு நான்தான் வந்து கூட இருக்கணுமாம். "நீ இல்லேன்னா நான் அன்னைக்கே செத்திருப்பேன்க்கா. அத நான் மறக்கல. ஆனா உயிரோட இருக்கணும்னா நான் அந்தப் பக்கத்து ரூம மறக்கணும்" என்றான். எழுந்துபோய் அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கினேன். காலியாகத்தான் இருந்தது. கழுவி வைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கைத் தேய்த்தான், கழுத்தைச் சொறிந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை, மாடி அறையில் கிடந்தபோதுகூட.

"அக்கா. இது எனக்குத் தெரியும்க்கா."

"என்னடா?"

"இந்த உணர்வு எனக்குத் தெரியும். ஆனா நான் ஒண்ணும் எடுக்கலியே. நான் எடுக்கலக்கா. பாப்பா மேல சத்தியமா எடுக்கல." எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்கே தெரியாம எடுத்துட்டேனா? அப்படி நடக்குமாக்கா? சொல்லுக்கா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். "பயப்படாதே. அக்கா இருக்கேன்ல."

அவனைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஷூவைக் கழற்றினேன். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் விரலைப் பிடித்தான். பிறகு பிடி தளர்ந்தது, தூங்கிவிட்டான். அழகாகத் தூங்கினான். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அவன் மனைவிக்கு போன் செய்தேன். வா, வந்து உன் கண்ணால் பார் என்றேன்.

அவள் கடையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். முதலில் நம்பவே இல்லை. "இருக்காது அண்ணி, அவர் எடுக்க மாட்டார், எடுக்க மாட்டார்" என்று அதையே சொன்னாள். குனிந்து அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், தொழில் அதுதானே. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் மார்பில் அடித்து, "ஏங்க இப்படிப் பண்ணீங்க? என்னை ஏங்க இப்படி ஏமாத்தினீங்க?" என்று அழுதாள்.

அவள் நம்பிவிட்டாள். என் மனதில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எதையும் விடாமல் சொல்கிறேன் என்றேனே.

அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, அவன் வாயருகே காதை வைத்தாள். "அண்ணி, மூச்சு சரியா வரல. விட்டு விட்டு வருது. உதடு நீலமா இருக்கு அண்ணி. உங்ககிட்ட மூக்குல அடிக்கிற மருந்து இருக்குமே, அவர் சொல்லியிருக்காரு. எங்க அது?"

இருக்கிறது. மூச்சு இறங்கினவனை எழுப்பி உட்கார வைத்துவிடுகிற மருந்து. எங்கள் இல்லத்தில் அது இல்லாமல் ஒருநாளும் இருக்க விடமாட்டேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, சாவி என் கழுத்தில் இருந்தது.

"தேவையில்ல. பழகின உடம்பு. தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றேன்.

அவள் என் கழுத்திலிருந்து சாவியைப் பிடுங்கப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, அவளோடு மல்லுக்கட்டுவது சரியில்லை. கையை மட்டும் பிடித்து விலக்கினேன். ஏன் கொடுக்கவில்லை என்கிறீர்களா? கொடுத்திருந்தால் துள்ளி எழுந்திருப்பான். எழுந்தவன் என்ன செய்வான்? அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். அதற்கா அவ்வளவும் செய்தேன்?

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சீக்கிரமாகவே வந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசல் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. அவர் மேலும் தப்பில்லை, பாவம். என் வாயால் சொல்லாமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி, எத்தனையோ பேர் எத்தனையோ வேஷத்தில் வந்து ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓடவில்லை. நிதானமாகத்தான் இறங்கினேன். மேலே அவள் அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. அவர்கள் ஏறிப் போய்ப் பார்த்தபோது முடிந்துவிட்டிருந்தது.

அவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவனை நம்பாமல் அடித்தோமே என்று சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். யாராவது அவளைத் தேற்றுங்கள், இந்த நேரத்தில் அவ்வளவு அழக் கூடாது.

நேற்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் அறிக்கையை நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். தலைமுடியைக்கூடப் பரிசோதித்தார்களாம். பழைய மருந்தின் சுவடே இல்லையாம். வருடக்கணக்கில் அவன் ஒரு மாத்திரையைக்கூடத் தொட்டதில்லையாம். அதனால்தான், ஒரு காலத்தில் அவனுக்குக் கொட்டாவிகூட வரவழைக்காத அளவு இப்போது மூச்சை நிறுத்திவிட்டதாம். பழக்கம் விட்ட உடம்புக்குப் பழைய அளவே விஷம் என்று இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் அதைத்தான் கடைசியாகச் சொல்லி அனுப்புவேன். ஆனால் அது குணமானவர்களுக்குச் சொல்வது.

ஆமாம், கலந்தது நான்தான். சாவியைக் கொடுக்காததும் நான்தான். அவன் செத்தது என் கையால்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அறிக்கையில் இருக்கிற அந்த ஒரு விஷயத்தையும் விட்டுவிடாமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என் தம்பி முழுசாகக் குணமாகியிருந்தான் என்று உங்கள் டாக்டரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள்: அவனைக் குணப்படுத்தியது நான்.